மதியச் சாப்பாடு: ஒரு கள ஆய்வு

வரலாறு இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்குச் சமூகவியல் துணைப்பாடம். அதை அவர்கள் ‘அலைடு’ என்பார்கள். அலைடில் யாரும் ஃபெயிலாவதில்லை என்று ஒரு பேச்சு இருந்ததால் யாரும் அதைப் படிப்பதும் இல்லை. 2002 ஜூலையில், திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் பின்பக்கக் கட்டடத்தில் அந்த வகுப்பு தொடங்கியபோது, பாடப்புத்தகம் வாங்கியிருந்தவள் பிரபாவதி ஒருத்திதான். அதுவும் பழைய புத்தகம். முன்பு வைத்திருந்தவர் முதல் அத்தியாயத்தில் மட்டும் கோடு போட்டிருந்தார்.

பாடம் எடுத்தவர் அரங்கநாதன். நிரந்தர வேலை கிடைக்காத கெஸ்ட் லெக்சரர். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்த அலுப்போடு நுழைந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காராமலே நோட்ஸ் சொல்ல ஆரம்பிப்பார்.

“முதன்மைக் குழு என்பது நேருக்கு நேர் பழகுகிற, நெருக்கமான, சிறிய குழு. எடுத்துக்காட்டு: குடும்பம், அண்டை அயலார், நண்பர்கள். எழுதிட்டீங்களா?”

“சார், இதுல எத்தினி மார்க் கேள்வி வரும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அஞ்சு.”

“அப்ப வாணாம் சார், சாய்ஸ்ல வுட்டுடலாம்.”

வகுப்பு சிரிக்கும். அரங்கநாதனும் சிரிப்பார். ஆகஸ்டில் ‘சமூக அடுக்கமைவு’ என்ற அத்தியாயம் வந்தது. அதை மட்டும் அவர் வழக்கத்தைவிட வேகமாகச் சொல்லி முடித்தார். அன்று எத்தனை மார்க் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

பிரபாவதி வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து செஞ்சி பஸ்ஸில் வந்துபோகிறவள். அம்மா அஞ்சம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் பிரபாவதிக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. மதியம் மணி அடித்த பிறகு எங்கே உட்கார்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வகுப்பிலேயே சாப்பிடுகிறவர்கள் பெஞ்சுகளை இழுத்து வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். வராந்தாப் படியில் ஒரு வட்டம், நூலகத்துக்குப் பின்னால் ஒரு வட்டம். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸோடு அவள் பக்கத்தில் வந்தால் பேச்சைத் தொடர்ந்தபடியே இருந்தார்கள், யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அவள் அங்கே போய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால் வராந்தாப் படி, வகுப்பறைக் கதவு, நூலகத்துச் சந்து எல்லாம் தெரியும்.

சில வாரம் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஒரு நாள் சூர்யகலா வந்தாள். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். வகுப்பில் அவள் குரல்தான் பெரிய குரல்.

“இங்க யாருனா வர்றாங்களா?”

“இல்ல.”

“அப்ப நான் குந்திக்கிறேன். உள்ள இருந்தா மீனு நாறுதாம். காயத்ரி மூக்கப் பொத்திக்கினு துன்றா. மூக்கப் பொத்திக்கினு எப்பிடிடி சோறு முழுங்குவா? எனக்கு அதப் பாத்தே சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சதுக்குக் கோவம் வேற.”

பேசிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடியைத் திருப்பிப் போட்டு, அதில் குழம்பிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து வைத்து, பிரபாவதியின் பக்கம் தள்ளினாள்.

“முள்ளு பாத்து துன்னு. தொண்டையில மாட்டி எதனா ஆச்சுன்னா என்னத்தான் புடிப்பாங்க.”

பிரபாவதி சாப்பிட்டாள். மூடியைக் குழாயடியில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த நாளும் சூர்யகலா வந்தாள். அடுத்த நாளும் மூடி வந்தது. காரப்பொடி மீன், நெத்திலி, காற்றடித்துக் கடலுக்குப் போகாத நாட்களில் கருவாட்டுத் தொக்கு. ஓராண்டு அப்படியே போனது. பிரபாவதிக்குக் கல்லூரி என்றால் அந்த மரத்தடிதான் என்றாகிவிட்டது. சூர்யகலா வராத நாளில் அவள் பாதிச் சோற்றோடு மூடிவிடுவாள்.

இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் இன்டர்னல் மார்க்குக்காக அரங்கநாதன் ஒரு வேலை கொடுத்தார்.

“தெனம் நீங்க பாக்குற ஒரு குழுவ எடுத்துக்குங்க. ஒரு மாசம் கவனிங்க. அப்புறம் எழுதுங்க. கைடு பாத்து எழுதினா கண்டுபுடிச்சிடுவேன், ஏன்னா அந்த கைடே நான் எழுதுனதுதான்.”

பெரும்பாலானவர்கள் கைடைப் பார்த்துத்தான் குடும்பம் பற்றி எழுதினார்கள். காயத்ரி தன் சித்தி இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவைப் பற்றி எழுதினாள். பிரபாவதி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பார்க்கக் கிடைத்தது அது ஒன்றுதான். மரத்தடியில் உட்கார்ந்தபடி யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் மூடியில் வைத்துக் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், யார் என்ன சொல்லி மறுக்கிறார்கள் என்று பார்த்தாள். வட்டங்கள் வரைந்து அவற்றுக்கு இடையே அம்புக்குறிகள் போட்டாள்.

“இன்னாடி எப்பப் பாரு அங்கயே மொறச்சிக்கினு இருக்க? எவனையாச்சும் பாக்குறியா?” என்றாள் சூர்யகலா.

“அசைன்மெண்ட்டுடி.”

“அந்தப் பையன் பேரு அசைன்மெண்ட்டா?”

அக்டோபர் முதல் வாரத்தில் ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். பிரபாவதியின் முறை வந்தபோது கரும்பலகையில் வட்டங்களை வரைந்துவிட்டுப் படித்தாள்.

“பஸ் ரூட்டை வைத்தே வட்டங்கள் அமைகின்றன என்று முதலில் நினைத்தேன். ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே பஸ்ஸில் வரும் இருவர் வேறுவேறு வட்டத்தில் சாப்பிடுகிறார்கள். ஆகவே காரணம் பஸ் அல்ல. வீட்டில் ஆக்கிய சோறும் குழம்பும் ஒரு வட்டத்துக்குள் மட்டுமே சுற்றுகின்றன. பொரித்த பண்டம் பக்கத்து வட்டம்வரை போகிறது. உரிக்காத பழமும் கடையில் வாங்கிய பண்டமும் எல்லா வட்டத்தையும் தாண்டிப் போகின்றன. அவற்றைக் கேட்காமலே கைநீட்டி எடுக்கிறார்கள். சிலர் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் எல்லாரிடமும் வாங்குவதில்லை. விரதம், வயிற்றுவலி, பசியில்லை என்று காரணம் சொல்கிறார்கள். அதே நாளில் அவர்களே வேறொருவரிடம் வாங்குவதையும் பார்க்க முடிந்தது.”

யார் பெயரும் அதில் இல்லை. அடுக்கமைவு அத்தியாயத்தில் வரும் சொல் எதுவும் இல்லை. ஆனாலும் காயத்ரி எழுந்தாள். திண்டிவனத்திலேயே கடை வைத்திருப்பவர் மகள்; அவள் வட்டம்தான் வகுப்பில் பெரிய வட்டம்.

“ஏன், நாங்க துன்றப்ப எங்க வாயப் பாத்துக்கினு இருந்தியா? ஒடம்புக்கு ஆவுமா எங்களுக்கு?”

சிரிப்பு வந்தது. “புரட்டாசில விரதம் இருந்தா அதையும் எழுதுவியா?” என்றாள் காயத்ரி.

“உனுக்கு வருசம் முழுக்கப் புரட்டாசியாடி?” என்றாள் சூர்யகலா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. இந்தமுறை இன்னும் பெரிய சிரிப்பு. அரங்கநாதன் மேசையைத் தட்டினார்.

வகுப்பு முடிந்து அவர் பஸ்ஸுக்கு ஓடும்போது பிரபாவதியை வராந்தாவில் நிறுத்தினார். “நல்லா வந்திருக்கும்மா. விழுப்புரத்துல இந்த மாசக் கடைசில ஒரு ஸ்டூடண்ட் செமினார் இருக்கு. இதக் கொண்டுபோலாம்.” தாள்களைப் புரட்டினார். “ஆனா ஒண்ணு. இதுல நீ எங்க?”

“சார்?”

“நீயும் அங்கதான சாப்புடுற. உன் வட்டத்தக் காணோம். பாக்குறவங்களும் படத்துல இருக்கணும். அதையும் போட்டுக் கொண்டா.” படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பிரபாவதி தாளை மடியில் வைத்துக்கொண்டு புங்க மரத்துக்கு ஒரு வட்டம் போட்டாள். உள்ளே இரண்டு புள்ளிகள். சூர்யகலாவின் புள்ளியிலிருந்து தன் புள்ளிக்கு அம்புக்குறி போட்டாள். மறு திசையில் போட வேண்டிய அம்பை யோசித்தாள். நினைவில் தேடினாள். ஒரு வருடத்துக்கு மேலான மதியங்களில், தன் டப்பாவிலிருந்து சூர்யகலா ஒரு வாய்கூட எடுத்த நாள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பஸ் நாட்டார்மங்கலம் தாண்டும்வரை அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூர்யகலாவின் கை சும்மா இருக்கிற கை அல்ல. காயத்ரியின் முறுக்கை எடுப்பாள். மரக்காணம் பஸ்ஸில் வருகிறவர்களின் மாங்காய்த் துண்டைப் பிடுங்குவாள். ‘இவ கையக் கட்டிப் போடுங்கடி’ என்று வகுப்பில் சொல்வார்கள். ஆனால் அதெல்லாம் தீனி. சோறு வேறு, தீனி வேறு. அதோடு தன் டப்பாவில் தினமும் என்ன இருந்தது? புளிச் சோறு, மோர் மிளகாய், மிஞ்சிப் போனால் கத்தரிக்காய். மீன் வைத்திருக்கிறவள் இதை ஏன் எடுக்கப் போகிறாள்?

அதைவிட முக்கியமான ஒன்று அதன்பிறகுதான் தோன்றியது. தான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஆறாவது படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரு வேர்க்கடலை உருண்டையை நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், “எங்கம்மா திட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் ஆசைதான் போலிருந்தது. உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அஞ்சம்மாள் காரணத்தைக் கேட்டுவிட்டு, அதை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: “நீயா எவளுக்கும் நீட்டாத. கேட்டாங்கன்னா குடு.” யாரும் கேட்கவில்லை. நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு விதி இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்படியென்றால் சூர்யகலா மறுக்கவில்லை. கொடுக்காததை எப்படி மறுக்க முடியும்? அம்பு இல்லாததற்குக் காரணம் தானாகவும் இருக்கலாம். கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பயமாகவும் இருந்தது. கொடுக்காமல் இருக்கும்வரை சூர்யகலா அவளுடைய தோழி. நாளைக்குக் கொடுத்து, அவள் கையைப் பின்னால் கொண்டுபோனால், இன்னும் ஒன்றரை வருடப் படிப்பை அந்த மரத்தடியில் யாரோடு உட்கார்ந்து முடிப்பது?

இப்படியே இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். காயத்ரியின் வட்டத்தில் இப்போது அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். “வர்றாடி, வாய மூடிக்கினு துன்னுங்க” என்று ஒரு நாள் காதில் விழுந்தது. நூலகத்துப் பக்கம் போனால் டப்பாக்களின் மூடி சாத்தப்பட்டது. மிஞ்சியது சூர்யகலா மட்டும்தான்.

செமினாருக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அம்மாவிடம் கேப்பை அடை செய்யச் சொன்னாள். முருங்கைக்கீரை போட்டது. டப்பாவில் நான்கு அடையை வைத்தபோது அஞ்சம்மாள் பார்த்தாள்.

“இம்மாம் யாருக்கு எடுத்துக்கினு போற?”

“என் கூட ஒருத்தி சாப்புடுவா.”

“கேட்டாளா?”

பிரபாவதி டப்பாவை மூடினாள். “கேட்டாமா.”

“அப்ப இந்தா, இதையும் வெய்யி. ஆறிப்போனா நல்லாருக்காது, சூடு போவாம துணி சுத்திக்க.”

மதியம் சூர்யகலா தன் குப்பத்தில் வலைச் சண்டை நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் வலையை யாரோ ஒருவர் படகு அறுத்துவிட்டது. பஞ்சாயத்தில் இரண்டு பேரும் மாமன் மச்சான் என்று தெரிந்து யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. மீன் ஏற்கெனவே மூடியில் வந்துவிட்டது. பிரபாவதி தன் டப்பாவின் மூடியைத் திருப்பி அதில் ஓர் அடையை வைத்தாள். மூடியைத் தரையில் வைத்தே தள்ளினாள்.

“அம்மா குடுத்துச்சு. கேப்பை அடை.”

பேசிக்கொண்டிருந்த வாய் நின்றது. நின்றது என்றுதான் பிரபாவதிக்குத் தோன்றியது. மென்று விழுங்குவதற்காக நின்றதாகவும் இருக்கலாம். சூர்யகலா அடையை எடுத்தாள். பிய்த்து வாயில் போட்டாள்.

“உப்பு தூக்கல்.” இன்னொரு துண்டு. “நல்லாருக்குதுடி. கீர எங்க, உங்க வூட்டு மரமா?”

“ஆமா.”

“எங்க ஊர்ல முருங்க வெச்சா உப்புக் காத்துல நிக்காது. அப்புறம் கேளு, அந்த மச்சாங்காரன் இன்னா பண்ணான் தெரியுமா...”

வைத்ததை முழுவதும் சாப்பிட்டாள். பிரபாவதிக்கு வலைச் சண்டையின் முடிவு காதில் ஏறவில்லை. மதிய வகுப்பில் எழுதிய வரிகளை மறுநாள் பார்த்தபோது பாதி புரியவில்லை. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். கால் வலிக்கவில்லை. வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த அஞ்சம்மாள், “துன்னாளா?” என்று மட்டும் கேட்டாள். “துன்னாமா, நல்லாருக்குதுன்னா” என்றாள் பிரபாவதி. அந்த ராத்திரியே மறு திசை அம்பைப் போட்டுக் கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதினாள்.

விழுப்புரம் செமினாருக்கு அஞ்சம்மாள் பிரபாவதியைத் தனியாக அனுப்ப மாட்டாள் என்பதால் சூர்யகலாவும் வந்தாள். காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறினார்கள். மயிலம் தாண்டியதிலிருந்து விக்கிரவாண்டிவரை சூர்யகலா தூங்கிக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்கே எழுந்து மீன் ஏலம் பார்த்துவிட்டு வந்தவள். அவள் தலை பிரபாவதியின் தோளில் இருந்தது. பிரபாவதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கல்லூரி ஹாலில் மூன்று மாவட்டத்து மாணவர்கள் இருந்தார்கள். அரங்கநாதன் இஸ்திரி போட்ட சட்டையில் வேறு ஆளாகத் தெரிந்தார். “படிச்சு முடிச்சதும் கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா முழிக்காத. ‘அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது’ன்னு சொல்லிட்டு ஒக்காந்துடு.”

“சூப்பர் சார்,” என்றாள் சூர்யகலா. “பரீட்சையில எழுதலாமா?”

காலை அமர்வில் படித்த எல்லாருக்கும் அவரவர் ஆசிரியர்கள் அதையே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலும். கூலித் தொழிலாளர் இடப்பெயர்வு, முதியோர் இல்லம், தொலைக்காட்சித் தொடர் என்று எதைப் படித்தவர்களும் இரண்டாவது கேள்வியில் எல்லைக்கு அப்பால் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் சூர்யகலா பிரபாவதியின் இடுப்பில் கிள்ளினாள்.

மதியம் எல்லாருக்கும் ஓட்டல் பொட்டலம் கொடுத்தார்கள். தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளும் கிடைத்த இடத்தில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். தெரியாதவர்கள் தெரியாதவர்களிடம் ஊறுகாயை மாற்றிக்கொண்டார்கள். இருவரும் ஒரு வேப்பமர நிழலில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். சூர்யகலா வந்திருந்தவர்களில் ஒருத்தியின் கொண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே தன் உருளைக்கிழங்கை முடித்தாள். பேச்சு நிற்கவில்லை. அவள் கை நீண்டு பிரபாவதியின் பொட்டலத்திலிருந்து வறுவலை அள்ளியது. கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை. வாயில் போட்டுக்கொண்டு, “அந்தக் கொண்டையில பாதி சவுரிடி” என்றாள். மறுபடியும் கை வந்தது. மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

பிரபாவதி அந்தக் கையைப் பார்த்தாள். மோதிர விரலில் சின்னதாக ஒரு வலைக்காயம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கை. ஒரு வருடமாக மூடியைத் தள்ளிய கை. இவ்வளவு சுலபமாக அது தன் பக்கம் வந்து இதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

“ஏண்டி துன்ன மாட்டேன்ற? பயமா?” என்றாள் சூர்யகலா.

“ஆமா.”

“இன்னா பயம்? படிச்சிட்டு எல்லைக்கு அப்பால ஓடிடு.”

பிற்பகல் முதல் பெயர் பிரபாவதியுடையது. மைக்கின் உயரத்தை அவளுக்காக இறக்கினார்கள். வட்டங்களையும் அம்புகளையும் ஒரு சார்ட் தாளில் பெரிதாக வரைந்து கொண்டுவந்திருந்தாள். அரங்கநாதன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் படித்தாள். பஸ் ரூட் பற்றிய வரிக்குச் சிலர் தலையாட்டினார்கள். விரதம் பற்றிய வரிக்குச் சிரித்தார்கள். ‘கடையில் வாங்கிய பண்டமும் எல்லா வட்டத்தையும் தாண்டிப் போகின்றன, அவற்றைக் கேட்காமலே கைநீட்டி எடுக்கிறார்கள்’ என்ற வரி வந்தபோது அவள் குரல் தாழ்ந்தது. “கொஞ்சம் சத்தமா” என்றார் யாரோ. மறுபடியும் அதே வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பத்திக்கு வந்தாள். ஒரு வாரத்துக்கு முன் எழுதியது. அதைப் படிக்காமல் விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இரண்டாம் வரிசையில் சூர்யகலா கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆய்வாளரும் அவருடைய தோழியும் வேறுவேறு ஊரையும் வேறுவேறு தொழில் செய்யும் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். நீண்ட காலம் உணவு ஒரு திசையில் மட்டுமே சென்றது. ஆய்வாளர் முதன்முறையாகக் கொடுத்தபோது தோழி தயக்கமின்றி வாங்கிச் சாப்பிட்டார். எனவே இவ்விருவருக்கும் இடையே உணவு இரு திசையிலும் செல்கிறது.”

கைதட்டினார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் சூர்யகலா தட்டினாள். மேடையிலிருந்த பேராசிரியர்களில் ஒருவர், வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்ல முயற்சிம்மா. ஒரு சந்தேகம். மத்த வட்டங்கள்ல எடுக்கிறதப் பாத்திருக்கே, கொடுக்கிறதப் பாத்திருக்கே. உன் வட்டத்துல மட்டும் கொடுத்துப் பாத்திருக்கே. நீ கொடுத்ததால வாங்குனாங்க. கொடுக்காம இருந்தா அவங்களா எடுப்பாங்களா? அதப் பாத்தியா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பாட சம்பந்தமான கேள்வி. ஹாலில் பலருக்கு அது என்ன கேள்வி என்றே கவனமில்லை. பிரபாவதி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வரிசையில் சூர்யகலா கையை வாயருகே வைத்து, சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எல்லைக்கு அப்பாற்பட்டது.

“அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது, ஐயா,” என்றாள் பிரபாவதி.

பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழும் ஒரு எவர்சில்வர் தட்டும். திரும்பும் பஸ்ஸில் சூர்யகலா தட்டை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். வெயில் சாய்ந்து ஜன்னல் பக்கம் அடித்தது.

“என்னப் பத்தி எழுதிக்கினு வந்து என் பேரப் போடல பாத்தியா. ‘தோழி’யாம். யாருக்குத் தெரியும் அது நானுன்னு?”

“பேரு போடக் கூடாதுன்னு சார் சொன்னாரு.”

“தயக்கமின்றி வாங்கினாராம்!” சூர்யகலா தட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “காயத்ரி கேட்டிருக்கணும்டி. மூஞ்சி எங்க வெச்சிக்குவா.” பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆமா, ஒண்ணு கேக்குறேன். இத்தினி நாளா ஏண்டி எனக்குக் குடுக்கல? நான் இன்னா வாணான்னா சொல்லப்போறேன்?”

உண்மையாகவே கேட்டாள். முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ‘என் சோத்த நீயா ஏன் எடுக்கல’ என்ற கேள்வி பிரபாவதியின் வாய்வரை வந்தது. அது நான்கைந்து சொல்தான். கேட்டால் சூர்யகலாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சூர்யகலா அதை ஒருநாளும் யோசித்திருக்க மாட்டாள். கேட்ட பிறகு யோசிப்பாள்.

“தோணல,” என்றாள் பிரபாவதி.

“தோணலையாம். இனிமே தோணட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சூர்யகலா தட்டை அவளிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். தலை வழக்கம்போல் தோளுக்கு வந்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு பெண் இருவரையும் பார்த்து, “அக்கா தங்கச்சியா?” என்று கேட்டாள். பிரபாவதி இல்லை என்று தலையசைத்தாள்.

நவம்பரில் தேர்வு முடிந்தது. சமூகவியலில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்கு. டிசம்பரில் அடுத்த பருவம் தொடங்கியபோது அலைடு வேறு பாடமாகிவிட்டது. அரங்கநாதனின் வகுப்பு நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். எப்போதாவது வராந்தாவில் பார்த்தால், “என்ன ஆராய்ச்சி?” என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவார்.

புங்க மரத்தடியில் எதுவும் மாறவில்லை. மூடியில் மீன் வந்தது. பிரபாவதி சாப்பிட்டாள், கழுவிக் கொடுத்தாள். நீட்டினால் சூர்யகலா வாங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நீட்டுவதை நிறுத்திவிட்டாள். அஞ்சம்மாள் இப்போதெல்லாம் இரண்டு பேருக்கு வைத்து அனுப்பினாள். அதை வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை. மரத்தடியில் உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து, மடியில் வைத்துக்கொள்ளாமல், இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குவாள்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் டப்பாவில் அவரைக்கொட்டை போட்ட குழம்பும் கேப்பை அடையும் இருந்தன. குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் படகில் ஏறிக் கடலில் வாந்தியெடுத்த கதையைச் சூர்யகலா சொல்லிக்கொண்டிருந்தாள். தானே வாந்தியெடுப்பதுபோல் செய்து காட்டினாள். பிரபாவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அப்புறம் அந்தாளு, கரை எப்ப வரும், கரை எப்ப வரும்னு கேட்டுக்கினே...”

சூர்யகலாவின் கை நீண்டது. டப்பாவைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் வைத்திருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பியது.

பிரபாவதி மூடியிலிருந்த காரப்பொடி மீனை எடுத்து முள் பார்த்துச் சாப்பிட்டாள்.

“அப்புறம்?” என்று கேட்டாள்.